பிரேக் இல்லாத சைக்கிள்

புறப்பாடு துளி பிசகினாலும் ஹரிணிக்குப் பொறுக்காது. பயிற்சியில் முதல் மிதிக்குச் சைக்கிள் லேசாக ஆடினால் போதும், உடனே நிறுத்திவிட்டுக் கோட்டுக்குத் திரும்பிவிடுவாள். "சரியா வரல சார், இன்னொரு தடவ." அக்கரையிலுள்ள பாம்பூஃப்ளாட்டிலிருந்து காலைப் படகைப் பிடித்து வந்து, பாதி நேரத்தை இப்படிப் புறப்பட்டுப் புறப்பட்டே தொலைப்பாள். இத்தனைக்கும் போர்ட் பிளேர் சைக்கிள் பந்தய டிராக்கில் அவளை முந்த ஆளில்லை.

கோச் ரவிச்சந்திரன் தலையில் அடித்துக்கொள்வார். "அரே, ஆடினா ஆடட்டும்மா! நீ பாட்டுக்கு ஓட்டிட்டுப் போ." யார் கேட்டது? அரைகுறையாக ஓட்டுவதைவிட ஓட்டாமலிருப்பதே மேல் என்பது அவள் கட்சி.

அன்று தேர்வு. மெயின்லேண்டில் நடக்கும் தேசியப் போட்டிக்கு ஒரே ஒரு இடம். ஒவ்வொருவராகத் தனியே ஓட்ட வேண்டும், ஆளுக்கு ஒரு வாய்ப்புதான். முதலில் போன ப்ரியங்கா புறப்படும்போதே விழப் பார்த்தாள். தட்டுத்தடுமாறி எப்படியோ முடித்தாள். அவளுடைய நேரத்தை அறிவித்ததும் ஹரிணிக்குச் சிரிப்பு வந்தது. அதைவிட வேகமாக அவள் தினமும் ஓட்டுகிறாள்.

அடுத்து ஹரிணியின் முறை. விசில் ஒலித்தது. எழும்பி மிதித்தாள். முன்சக்கரம் துளி இடப்பக்கம் ஆடியது.

அடுத்து நடந்ததை அவளாலேயே நம்ப முடியவில்லை. பந்தய சைக்கிளுக்குப் பிரேக் கிடையாது. நிற்க வேண்டுமென்றால் சுழலும் பெடலைக் காலால் எதிர்த்து அழுத்த வேண்டும். கால்கள் அழுத்தின. அவள் நினைக்கக்கூட இல்லை. வளைவு வருவதற்குள் சைக்கிள் நின்றேவிட்டது. இறங்கி, திருப்பி, கோட்டை நோக்கி உருட்டத் தொடங்கினாள். பாதி வழியில்தான் எல்லோரும் தன்னையே பார்ப்பது உறைத்தது.

கோச் ஓடி வந்தார். சங்கிலியை இழுத்துப் பார்த்தார், டயரை அமுக்கிப் பார்த்தார். ஏதாவது உடைந்திருந்தால் மறுவாய்ப்பு கேட்கலாமே.

"சைக்கிள்ல என்னம்மா கோளாறு?"

"ஒண்ணுமில்ல சார்."

"பின்ன யாரு உன்னை நிறுத்தச் சொன்னா?"

ஹரிணி குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். தன் கால்களைக் கண்டே அவளுக்குப் பயமாக இருந்தது.

"தெரியல சார். சத்தியமா தெரியல."

கோட்டில் அடுத்த பெண் ஏறி உட்கார்ந்துவிட்டாள். ஹரிணி அவளுக்குப் பின்னால் போய் நின்றாள், பயிற்சியில் நிற்பது போலவே.

நடுவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "ஹோ கயா, கண்ணு. உன் வாய்ப்பு முடிஞ்சிருச்சு. கொஞ்சம் தள்ளிக்கோ, இந்தப் பொண்ணு ஓட்டணும்."