ஆண்டவர் வேஷத்துக்குத் தைத்த உடுப்பு

அது ஐம்பத்தேழா ஐம்பத்தெட்டா என்று எனக்கு நிச்சயமில்லை. துணியைப் பங்குச் சாமியார் மதுரையிலிருந்து கொண்டுவந்தாரா, பார்சலில் வரவழைத்தாரா என்பதும் மறந்துபோயிற்று. என் மனைவி ஜோதிமேரி உயிரோடு இருந்தால் திருத்தியிருப்பாள். அவள் போன பிறகு நான் நினைப்பதெல்லாம் சரிதான் என்று ஆகிவிட்டது. அதனாலேயே எதையும் முழுதாக நம்ப முடியவில்லை. ஆனாலும் சில காரியங்கள் கையில் இருக்கின்றன. அந்தத் துணி இழுத்தால் எப்படி வந்தது, விட்டால் எப்படிப் போனது என்பதைக் கை மறக்கவில்லை.

பாம்பன் பக்கம் அக்காள்மடத்தில் எனக்கு ஒரு தையல் கடை இருந்தது. எங்கள் குடியிருப்பில் ஒவ்வொரு பெரிய வெள்ளியன்றும் மத்தியானத்துக்கு மேல் கடற்கரையில் ஆண்டவருடைய பாடுகளை நடித்துக் காட்டுவார்கள். ஆண்டவர் வேஷம் யாருக்கு என்பதை, ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தபசு காலம் தொடங்கும்போது சீட்டுப் போட்டு எடுப்பார்கள். கல்யாணமாகாத இளவட்டங்களின் பெயர்கள் மட்டும் பெட்டியில் இருக்கும். பெயர் விழுந்தவன் மாட்டேன் என்று சொல்லக்கூடாது. சொன்னால் அவன் மேல் ஏதோ பாவம் இருக்கிறது என்று ஊர் தோண்ட ஆரம்பித்துவிடும்.

அந்த வருஷம் மரியசெல்வத்தின் பெயர் விழுந்தது. வள்ளச் சொந்தக்காரர் சூசைமுத்து சம்மாட்டியிடம் கடலுக்குப் போகிறவன். அப்பா இல்லை, அம்மா சவரியம்மாளும் அவனும்தான் வீட்டில்.

அதுவரை ஆண்டவர் வேஷக்காரன் இடுப்பில் துணியோடு வெற்றுடம்பாகத்தான் நிற்பான். மரியசெல்வம் சாமியாரிடம் போய், பெண்கள் முன்னால் வெற்றுடம்பாக நிற்கக் கூச்சமாக இருக்கிறது என்றானாம். சாமியார் புதிதாக வந்தவர். அவருக்கு அது பிடித்துப்போயிற்று. கழுத்திலிருந்து கணுக்கால் வரை உடம்போடு ஒட்டினாற்போல், தோல் நிறத்தில் ஒரு உடுப்பு தைக்கச் சொல்லிப் பனியன் துணியைக் கொடுத்தனுப்பினார். அதை நான் தேயிலைத் தண்ணீரில் கொஞ்சம் காவி கலந்து நிறம் ஏற்றினேன்.

பனியன் துணியில் நான் அதற்கு முன் தைத்ததில்லை. சட்டைக்கு விடுவதுபோல் தாராளம் விட்டு வெட்டினேன். அவன் போட்டுக் காட்டியபோது முழங்காலிலும் முதுகிலும் தொளதொளவென்று தொங்கியது.

“என்னங்க இது, ரெண்டு கால் வச்ச தலகாணி உறையா?” என்றாள் ஜோதிமேரி.

அவன்கூடச் சிரித்தான்.

பிறகுதான் தெரிந்தது, இந்தத் துணியை உடம்பின் அளவைவிடச் சிறிதாக வெட்ட வேண்டும் என்று. உடம்பு உள்ளே போய் அதை விரிக்க வேண்டும். அப்படி வெட்டித் தைத்தால் இன்னொரு தொல்லை வந்தது. துணி விரிந்தது, நூல் விரியவில்லை. அவன் சிலுவையில் இருப்பதுபோல் இரண்டு கைகளையும் தூக்கியதும் அக்குளில் படபடவென்று தையல் அறுந்தது.

மறுபடி பிரித்து, உடுப்பை உட்புறம் வெளியாகத் திருப்பி அவன் மேல் மாட்டி, குண்டூசி குத்திக்கொண்டே வந்தேன். கடையில் நாங்கள் இரண்டு பேர்தான். அவன் நெத்திலி மீன்பாடு பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். இடது தோள்பட்டைக்குக் கீழே ஒரு ஊசி துணியைத் தாண்டிச் சதைக்குள் இறங்கியது. என் விரலுக்கு அது தெரிந்தது. அவன் பேச்சை நிறுத்தவில்லை. துணியில் சிவப்பாக ஒரு புள்ளி வந்தது.

“வலிக்கலையா?” என்றேன்.

“எதுண்ணே?”

ஊசியை எடுத்துவிட்டு உடுப்பைக் கழற்றச் சொன்னேன். அவன் வெகுநேரம் கழற்றாமல் நின்றான். பிறகு கழற்றினான். முதுகில் உள்ளங்கை அகலத்துக்குத் தாமிர நிறத்தில் ஒரு படை. அதில் முடி இல்லை, வேர்வையும் இல்லை. என் தாய்மாமனுக்கு இப்படித்தான் தொடங்கியது. அதைப் பெருவியாதி, குஷ்டம் என்று எங்கள் வீட்டில் யாரும் வாயால் சொன்னதில்லை. அவர் கடைசிக் காலத்தில் ஊருக்கு வெளியே, பனைக்கூட்டத்துக்குள் ஒரு குடிசையில் இருந்தார்.

நான் எழுந்து போய்க் கடைக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

“மதுரைப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில மாத்திர குடுக்காகளாம்ணே,” என்றான். “ஈஸ்டர் முடியவும் தூத்துக்குடிக்கு வேலைக்குப் போறேன்னு சொல்லிட்டு ரயில் ஏறிருவேன். சொகமாகித் திரும்பி வந்துருவேன். இப்பத் தெரிஞ்சா வள்ளத்துல ஏத்த மாட்டாக. அம்மாவக் கெணத்துல தண்ணி எடுக்க விடமாட்டாக.”

கூச்சம் என்று சாமியாரிடம் அவன் சொன்னதன் காரணம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சரி என்று தலையை ஆட்டினேன். பயம் இல்லாமல் இல்லை. அன்று சாயங்காலம் இரண்டு தடவை கையைக் கழுவினேன். பிறகு அதற்காகவும் மனம் சங்கடப்பட்டது.

அதற்குப்பின் அது வெறும் வேஷ உடுப்பாக இல்லை. தையல் அறுந்தால் ஒரு குடும்பம் அறும். மெஷினில் நூலின் இறுக்கத்தைத் தளர்த்தினேன். ஓடும்போது துணியை முன்னும் பின்னும் இழுத்துப் பிடித்துக்கொண்டு பொடித் தையலாக ஓட்டினேன். அக்குளில் சாய்சதுரமாக ஒரு துண்டு வைத்தேன். பழைய துணித் துண்டில் தைத்து, இழுத்து, அறுத்து, மறுபடி தைத்து, தபசு காலம் முழுவதும் இதிலேயே போயிற்று. தோள் இரண்டும் கழன்றுவிடும்போல் இருந்தது. கூலிக்குத் தைக்கிற சட்டைகள் மூலையில் கிடந்தன. ஆண்டவர் வேஷத்துக்கு இத்தனை பக்தியா என்று ஜோதிமேரி கேலி செய்தாள். அவளிடமும் நான் சொல்லவில்லை.

பெரிய வெள்ளியன்று தையல் நின்றது. சாட்டையில் சிவப்புச் சாயம் தோய்த்து அடித்தார்கள், நின்றது. சிலுவையோடு விழுந்து எழுந்தான், நின்றது. கைகளை விரித்துக் கட்டி நிமிர்த்தினார்கள். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, அக்குளையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் இறங்கியதும் அவனை இறக்கி வெள்ளைத் துணியில் கிடத்தினார்கள். பெண்கள் வரிசையாக வந்து அவன் காலைத் தொட்டு, நெஞ்சில் கைவைத்து அழுதார்கள். நான் மணலில் உட்கார்ந்தேன். முடிந்தது என்று நினைத்தேன்.

எல்லாம் முடிந்ததும் இடுப்புத் துணியைக் கிழித்து, வள்ளத்துக்கு ஒன்றாகப் பாய்மரத்தில் கட்டக் கொண்டுபோவது எங்கள் வழக்கம். அந்த வருஷம் சாட்டை பட்டது உடுப்பின் மேல் அல்லவா? ஆகவே உடுப்பிலேயே துண்டு வேண்டும் என்றார்கள். அதை நான் யோசித்திருக்கவில்லை. கத்திரிக்கோலோடு ஓடி, நானே வெட்டித் தருகிறேன் என்று கணுக்காலிலிருந்து கத்தரித்துக் கொடுத்தேன். முழங்கால்வரை வந்தாயிற்று.

சூசைமுத்து சம்மாட்டிக்குக் கால்துணி பிடிக்கவில்லை. சிலுவை அழுத்தின தோள்பக்கம்தான் வேண்டும் என்றார்.

“நாளைக்குக் கடையில வச்சுப் பதமா வெட்டித் தாரேன் சம்மாட்டி,” என்றேன்.

“ஏன் டெய்லரே, உம்ம பொண்டாட்டிக்கு ஜம்பர் தைக்க மிச்சம் புடிக்கிறீரா?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மரியசெல்வம் எழுந்து உட்கார்ந்திருந்தான். நான் குறுக்கே வருவதற்குள் அவர் அவன் முதுகுப்பக்கம் குனிந்து, தோளுக்குக் கீழே துணியை இரண்டு விரலால் கிள்ளி இழுத்து, வலை அறுக்கும் கத்தியால் சீவினார்.

அவர் எடுத்தது ஒரு வெற்றிலை அளவுகூட இருக்காது. ஆனால் விறைப்பாக இழுத்து நிற்கிற பனியன் துணியில் ஓட்டை விழுந்தால் அது அந்த அளவில் நிற்காது. கீழும் மேலும் சுருண்டுகொண்டு முதுகு பாதி தெரியத் திறந்தது. எல்லார் கண்ணும் அந்தப் படை மேல் விழுந்தது.

“சாயம்,” என்றேன். “துணிச் சாயம் ஊறியிருக்கு.”

“அப்பத் தொடச்சுக் காட்டும்,” என்றார் சம்மாட்டி.

என் தோளில் கிடந்த துண்டை எடுத்தேன். அவன் திரும்பாமலே சொன்னான்:

“வேணாம்ணே. சாயம் இல்ல.”

யாரும் கூச்சல் போடவில்லை. சம்மாட்டி தான் வெட்டிய துணியைக் கீழே போட்டுவிட்டுக் கடலோரம் போய்க் கையைக் கழுவினார். பிறகு ஒவ்வொருவராக. நெஞ்சைத் தொட்டு அழுத பெண்களும் போய்க் கழுவினார்கள். அலையில் வரிசையாகக் குனிந்து நின்றவர்களை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். சவரியம்மாள் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஜோதிமேரி ஒன்றும் கேட்காமல் நாடகத்துச் சிவப்பு அங்கியை எடுத்துவந்து அவன் மேல் போர்த்தினாள்.

சனிக்கிழமை பாம்பனில் அவனை நான் ரயில் ஏற்றினேன்.

மரியசெல்வத்துக்கு நாலைந்து வருஷத்தில் குணமாயிற்று. அவன் ஊருக்குத் திரும்பவில்லை. அந்த ஆஸ்பத்திரியிலேயே தச்சு வேலைக்குச் சேர்ந்து, அங்கே வைத்தியத்துக்கு வந்த ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டான். சவரியம்மாளுக்கு ஜோதிமேரிதான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். சவரியம்மாள் அறுபத்தொன்றாம் வருஷம் இறந்தாள். அடக்கத்துக்கு அவன் வந்து அன்றே போனான். சூசைமுத்து சம்மாட்டிக்கு அறுபத்து நாலு புயலில் வள்ளம் போயிற்று. அவர் பாம்பனில் டீக்கடை வைத்தார். சாமியாரை வேறு பங்குக்கு மாற்றினார்கள். நாடகம் இரண்டு வருஷம் நின்று, பிறகு பழையபடி வெற்றுடம்போடு நடந்தது. ஜோதிமேரி போய்விட்டாள். கடையை நான் மூடிவிட்டேன்.