ஷெட் வாசலில் நாலு அங்குலம்

அந்த ஊரில் சைக்கிள் பாதை, வண்டியில் அடிபட்டுச் செத்தவர்களின் உயரத்துக்குப் போடப்பட்டது. செத்தவர் ஐந்தடி ஆறு அங்குலம் என்றால் பாதையும் ஐந்தடி ஆறு அங்குலம் நீளும். அதற்கு மேல் ஒரு விரல் கூட மாநகராட்சி போடாது, குறைத்தும் போடாது. பச்சைப் பெயின்ட் அடித்து, இரண்டு ஓரமும் வெள்ளைக் கோடு இழுத்து, தலைமாடு எது கால்மாடு எது என்று பக்கத்தில் சின்னதாக எழுதிவிடுவார்கள். மற்ற எந்த வேலையையும் ஆறு மாதம் இழுக்கிற மாநகராட்சி, இதை மட்டும் காரியம் முடிந்த மறுநாளே முடித்துக் கொடுத்தது.

பெயின்ட் அடிக்கிறவர் பொன்னுரங்கம். பதினேழு வருடமாக அவர்தான். ஆஸ்பத்திரியில் இருந்து உயரம் எழுதிய சீட்டு வரும். டேப்பைப் பிடித்து அளந்து, சாக்பீஸால் கோடு போட்டு, மதியச் சாப்பாட்டுக்குள் அடித்து முடித்துவிடுவார். கை சுத்தம். கோடு வளைந்தது என்று யாரும் அவரைச் சொன்னதில்லை.

பேருந்து நிலையத்தில் இருந்து பெண்கள் மேல்நிலைப் பள்ளி வரைக்கும் பாதை கிட்டத்தட்ட முழுசாகவே இருந்தது. முன்னோர்கள் புண்ணியம். பாக்கி ஒரே ஒரு இடம்தான், சாலையோரத்து லாரி ஷெட்டின் வாசல். நாற்பத்தொன்பதரை அடி அகலமான வாசல் அது. லாரிகள் அதன் வழியாகத்தான் சாலைக்கு ஏறும். பொன்னுரங்கம் அங்கே மட்டும் ஒன்பது பேரை அடித்திருந்தார். பச்சை மேல் எந்த வண்டியும் ஏறாது. அந்த விஷயத்தில் ஒழுக்கமான ஊர். எவ்வளவு குடித்திருந்தாலும் டிரைவர்கள் பச்சையைக் கண்டால் ஒதுங்கி, மிச்சம் இருக்கிற வாசல் வழியாகத்தான் வெளியே வருவார்கள். ஒன்பதாவது ஆளுக்குப் பிறகு மிச்சம் மூன்றடிதான் என்று ஆகிவிட்டது. இருபது லாரிகள் உள்ளேயே மாட்டிக்கொண்டன. அவை பகலெல்லாம் எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு நின்றன. ஷெட்காரர் குறை சொல்லவில்லை. மோட்டார் வைத்த மூன்று சக்கர மீன்பாடி வண்டிகளை வாங்கி, கம்பிக்கட்டுகளை ஏற்றி, அந்த மூன்றடியில் விரட்டிக்கொண்டிருந்தார். சித்திரையில் ஒரு வண்டி, பூக்காரப் பெண்மணி ஒருவரின் கணுக்காலை முறித்தது. கால் முறிந்ததற்கெல்லாம் பாதை போட மாட்டார்கள்.

பொன்னுரங்கத்துக்கு இதெல்லாம் வேலை. வேலையாகத்தான் இருந்தது, மகள் மோனிஷா பத்தாம் வகுப்பு பாஸ் பண்ணுகிற வரைக்கும். பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் இலவச சைக்கிள் கொடுக்கும். சைக்கிள் கொடுத்தால் அவள் சைக்கிளில்தான் போவாள். ஷெட் வாசலைத் தாண்டாமல் பள்ளிக்கூடத்துக்கு வேறு வழி கிடையாது.

அந்த மூன்றடி அவர் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. சைக்கிள் வருவதற்குள் அது அடைபட வேண்டும். அடைபட என்ன வழி என்று அவருக்குத் தெரியும். ஐந்தடி ஆள் தேவையில்லை, மூன்றடி போதும். டீக்கடையில் நின்றுகொண்டு சைக்கிளில் போகிறவர்களை அளந்து பார்க்க ஆரம்பித்தார். குள்ளமான ஆள் யாராவது போனால் டீ ஆறிப்போகும். ஒரு நாள் சின்னச் சைக்கிளில், பக்கச் சக்கரம் வைத்துக்கொண்டு, எல்.கே.ஜி. படிக்கிற பிள்ளை ஒன்று போயிற்று. மூன்றடி ஓரங்குலம் இருக்கும் என்று மனசு தானாகவே கணக்குப் போட்டது. பொன்னுரங்கம் கிளாஸை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து, சட்டையைக் கூடக் கழற்றாமல் படுத்துவிட்டார். அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

ஜூன் மாதம் பள்ளிக்கூடத்தில் படிவம் கொடுத்தார்கள். சைக்கிள் வாங்குகிறவர்கள் தங்கள் உயரத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். பெயின்டுக்கு முன்கூட்டியே மதிப்பீடு போட அது தேவை. மோனிஷா அப்பாவின் டேப்பை எடுத்துச் சுவரோரம் நின்று அளந்தாள்.

"அஞ்சடி அஞ்சுப்பா."

அவர் மனைவி அஞ்சலை அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தாள். "போன மாசம் ஸ்கூல்ல அஞ்சடி ஒண்ணுன்னு எழுதி அனுப்பினாங்க. ஒரு மாசத்துல நாலு இஞ்ச் வளர்ந்துட்டாளா? போன தீபாவளிப் பாவாடை அப்படியேதான் இருக்குது."

பொன்னுரங்கம் டேப்பை வாங்கிப் பார்த்தார். நுனியில் ஒன்று, இரண்டு, மூன்று எதுவும் இல்லை. டேப் நாலில்தான் ஆரம்பித்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நுனியில் பெயின்ட் காய்ந்து கல்லாகிப் போனதால், அவரே கத்தரிக்கோலால் வெட்டிவிட்டது நினைவு வந்தது. அளக்கும்போது நாலைக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டார். நினைத்ததோடு சரி.

அப்படியென்றால் ஷெட் வாசலில் ஒன்பது பேருக்கும் நாலு நாலு அங்குலம் குறைத்து அடித்திருக்கிறார். ஒன்பது நாலு முப்பத்தாறு. முப்பத்தாறு அங்குலம் மூன்றடி.

அவர் சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டார். யாரும் சாக வேண்டாம். செத்தவர்களுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாலே போதும். பதினேழு வருடத்தில் தான் செய்த ஒரே தப்புக்காக அவர் சாமிக்குக் கற்பூரம் ஏற்றினார்.

மாநகராட்சி உதவிப் பொறியாளர் நளாயினி கோப்பைப் படித்துவிட்டுத் தலையாட்டினார். "குறைச்சது குறைச்சதுதான், போட்டுடலாம் பொன்னுரங்கம். ஆனா அவங்கவங்க நாலு அங்குலம் அவங்கவங்க பக்கத்துல வரல. எல்லாத்தையும் சேர்த்து ஒரே இடத்துல வைக்கிறோம். அதுக்கு வீட்டுக்காரங்க சம்மதம் வேணும். ஒன்பது கையெழுத்து வாங்கிட்டு வாங்க."

"திங்கக்கிழமை சைக்கிள் குடுக்கறாங்க மேடம்."

"ஞாயித்துக்கிழமை அடிச்சிடுங்க."

அவர் தன்னுடைய பழைய சைக்கிளில் கிளம்பினார். எட்டு வீட்டில் கையெழுத்து கிடைத்துவிட்டது. ஒரு வீட்டில் அதே பச்சைதானா என்று கேட்டார்கள். ஒரு வீட்டில் செத்தவரின் தம்பி, "நாலு இஞ்ச்சில எந்த நாலு, முழங்காலா, கழுத்தா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்கு முன்பே கையெழுத்துப் போட்டார். கொல்லர் தெருவில் ஒரு கிழவர் காபி கொடுத்தார். மகன் பள்ளிக்கூட நாளில் கடைசி பெஞ்சிலேயே உட்கார்ந்தவன், இப்போதாவது நடுவில் இருக்கட்டும் என்றார்.

ஒன்பதாவது வீடு எத்திராஜுடையது. ஷெட் வாசலில் முதலில் விழுந்தவர் எத்திராஜ்தான். அவருடைய துண்டில் இருந்துதான் மற்றவர்கள் வரிசையாக ஆரம்பிக்கிறார்கள். அவர் மனைவி ருக்குமணி வீட்டு முன்னால் தள்ளுவண்டியில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பொன்னுரங்கம் விஷயத்தைச் சொன்னார். அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"எங்க ஊட்டுக்காரர் அஞ்சடி ஒன்பது. கல்யாணத்துல மாலை போட எனக்கு எட்டல. ஸ்டூல் போட்டு ஏத்தினாங்க. இன்னா உயரத்துக்கு அடிச்சிருக்கீங்கண்ணா?"

"அஞ்சடி அஞ்சும்மா."

"அப்போ தலை எங்க கீது அவருக்கு?"

பொன்னுரங்கம் கையெழுத்துக் காகிதத்தை மடித்தார்.

"வருஷா வருஷம் தலைமாட்டுலதான் பூ வெக்கறேன். நெத்திமேல வெக்கறேன்னு நெனச்சிக்கினு இருந்தேன். வாய்மேல வெச்சிருக்கேன்." அவள் ஒரு சட்டையின் காலரை எடுத்து நீவினாள். "அவரு நாலு இஞ்ச்சை அவரு தலைமாட்டுல போட்டுக் குடுத்துடுங்க. வேற எங்கியும் வேணாம்."

எத்திராஜின் தலைமாடு ஷெட் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதற்கு நேர் அந்தப் பக்கம் சாக்கடையும் ஒரு டிரான்ஸ்பார்மரும்தான்; பழைய பாதை அவற்றைச் சுற்றிக்கொண்டு போகும். அங்கே பாதை போட்டு யாருக்கும் பிரயோசனம் இல்லை.

"பொண்ணுக்காகக் கேக்கறேம்மா," என்றார்.

"தெரியுதுண்ணா. நானும் அவருக்காகத்தான் கேக்கறேன்."

பொன்னுரங்கம் சைக்கிளைத் திருப்பினார். அவள் சொன்னது நியாயம். நியாயமாக இருந்ததுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. சண்டை போட்டிருந்தால் திரும்பச் சண்டை போட்டிருக்கலாம். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை புது டேப் வாங்கி, எட்டுப் பேருடைய இரண்டடி எட்டு அங்குலத்தையும் வாசலில் அடித்தார். பிறகு சாக்கடையோரம் மண்டியிட்டு, டிரான்ஸ்பார்மருக்கு அடியில் எத்திராஜுக்கு நாலு அங்குலம் அடித்தார். ருக்குமணி வந்து நின்று பார்த்துவிட்டு, நெற்றி இருக்கிற இடத்தில் ஒரு முழம் சாமந்தி வைத்துவிட்டுப் போனாள். வாசலில் நாலு அங்குலம் மட்டும் கறுப்பாகத் தார் தெரிந்தது. நாலு விரற்கடை. மீன்பாடி வண்டி கூட அதில் நுழையாது. பூனை நுழையும். பூனைக்குப் பயந்தால் எப்படி என்று பொன்னுரங்கம் தன்னைத் தானே தேற்றிக்கொண்டார். அன்று சாயங்காலம் தெருவில் தன் சைக்கிளை வைத்து மகளுக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தார். "சக்கரத்தப் பாக்காத. கீழ பாத்தா கீழதான் விழுவ. எதிர்ல பாத்து ஓட்டு." மோனிஷா இருட்டுவதற்குள் கற்றுக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கே பள்ளிக்கூடத்தில் சைக்கிள் கொடுத்துவிட்டார்கள். பிள்ளைகள் வீட்டுக்கு ஓட்டிப் போய், பொட்டு வைத்து, சாப்பிட்டுவிட்டுத் திரும்ப வர வேண்டும். வீட்டுக்குப் போகிறபோது அவர்கள் சாலையின் எதிர்ப்பக்கமாகப் போய்விடுவார்கள். வருகிறபோதுதான் ஷெட் வாசல். பொன்னுரங்கம் பெயின்ட் டின்னையும் பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டு, மெருகு போடுகிற சாக்கில் வாசலில் போய் நின்றார்.

எட்டு மணிக்கு ஷெட்டுக்குள்ளே ஹாரன் கேட்டது. லாரி ஒன்று வந்து இடைவெளிக்கு நேராக நின்றது. அதன் அகலம் நாலு அங்குலம். உயரமும் நீளமும் மற்ற லாரிகளைப் போலத்தான். முன்னால் எலுமிச்சம்பழம் கட்டி, நெற்றியில் குங்குமம் வைத்திருந்தார்கள். டிரைவர் ஒருக்களித்து, கன்னத்தைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் கிளீனர் ஒருக்களித்திருந்தார். பின்னால் சிமென்ட் மூட்டைகள், ஒவ்வொன்றும் அப்பளம் கனத்துக்கு.

"புதுசா?" என்றார் பொன்னுரங்கம்.

"நேத்து சாயங்காலம்தான் வந்துச்சு. கோயம்புத்தூர்ல பாடி கட்டினது." டிரைவர் கண்ணை மட்டும் இந்தப் பக்கம் திருப்பினார். "பொண்ணுங்க எத்தன மணிக்கு வரும்?"

"எட்டே காலுக்கு."

"நமக்கும் அதான் டைமு," என்று டிரைவர் வருத்தமாகவே சொன்னார். அவருக்கும் பெண் பிள்ளைகள் இருந்திருக்கலாம்.

பொன்னுரங்கம் சாலையின் கோடியைப் பார்த்தார். அங்கே மணிச் சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது. புதுச் சைக்கிள்களின் மணி, ஒன்றல்ல, நாற்பது ஐம்பது. அவர் வலது கால் செருப்பைக் கழற்றினார். புது டேப்பை வைத்துப் பாதத்தின் அகலத்தை அளந்தார். விரல்கள் ஆரம்பிக்கிற இடத்தில் சரியாக நாலு அங்குலம் இருந்தது. பிரஷ்ஷை டின்னில் முக்கி, கணுக்கால் வரைக்கும் பச்சை அடித்தார். விரல் இடுக்கிலும் விட்டுப்போகாமல் அடித்தார். விரல் நுனியில் ஒரு வெள்ளைக் கோடு, குதிகாலில் ஒரு வெள்ளைக் கோடு. பிறகு இடைவெளியில் காலை வைத்து நின்றார்.

டிரைவர் குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு எஞ்சினை நிறுத்தினார். "எவ்வளவு நாளைக்கு?"

"ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ. ரெண்டு வருஷம்."

"சரி," என்று சொல்லிவிட்டு டிரைவர் கண்ணை மூடிக்கொண்டார்.

பெண்கள் ஒற்றை வரிசையில் வந்தார்கள். நாற்பத்திரண்டு பேர். மோனிஷா ஏழாவதாக வந்தாள். சைக்கிள் கைப்பிடியில் சந்தனம் வைத்திருந்தாள். முன் சக்கரம் அவர் பாதத்தின்மேல் ஏறி இறங்கியது, பின் சக்கரமும் ஏறி இறங்கியது. வலித்தது. அவர் காலை அசைக்கவில்லை. அவள் கீழே பார்க்கவில்லை. சொல்லிக்கொடுத்தபடி எதிரே பார்த்து ஓட்டினாள். ஒரு தடவை திரும்பிப் பார்த்தால் நன்றாக இருக்கும் என்று அவருக்கு இருந்தது. திரும்பியிருந்தால் விழுந்திருப்பாள். மிச்சம் முப்பத்தைந்து பேரும் ஏறி இறங்கிப் போனார்கள்.

பத்து மணிக்கு மாநகராட்சியில் இருந்து ஒரு ஊழியர் படிவத்தோடு வந்தார். பெயின்ட் காய்ந்துவிட்டதா என்று பொன்னுரங்கத்தின் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நாலு அங்குலம் என்று எழுதினார். பேனாவை ஒரு முறை உதறிக்கொண்டார்.

"தலைமாடு எந்தப் பக்கம்னு போடணும்?"

பொன்னுரங்கம் சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தார். ஒரு பக்கம் பள்ளிக்கூடம், ஒரு பக்கம் வீடு.

"பள்ளிக்கூடத்துப் பக்கம்," என்றார். ஊழியர் எழுதிக்கொண்டு, சின்னதாக இருக்கட்டும் என்று கட்டை விரலுக்குப் பக்கத்தில் ஒரு அம்புக்குறி போட்டுவிட்டுப் போனார்.