பெஞ்சைத் தூக்கச் சொன்னவர்

உமாமகேஸ்வரி இங்கிலீஷில் கடிதம் எழுதினால் நகர மன்றமே பதறி எழுந்து நிற்கும் என்று அந்த அடுக்குமாடி புளோக்கில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பிவிட்டதே அவள்தான் என்பது வேறு கதை. முப்பது வருடம் கப்பல் கம்பெனியில் கிளார்க்காக இருந்தவள். லிஃப்ட் நாறுகிறதா, விளக்கு எரியவில்லையா, எல்லாரும் அவள் கதவைத்தான் தட்டுவார்கள்.

சிங்கப்பூர் டேக்கா சந்தைக்குப் பின்னாலிருந்த அந்த புளோக்கின் கீழே, மரத்தடியில் கிடந்த பெஞ்சு காணாமல் போனதும் ஏழாம் மாடிப் பெரியவர் செல்லக்கண்ணு வந்து தட்டினார். எழுபத்து நான்கு வயது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். வேன் வரும்வரை அதில்தான் உட்கார்ந்திருப்பார்.

"நின்னா காலு ரெண்டும் வீங்கிடுது தங்கச்சி. எவனோ கம்ப்ளெயின் பண்ணிட்டானாம். நீங்க ஒரு லெட்டர் போட்டா திரும்ப வந்துரும்லா?"

எவனோ இல்லை. கம்ப்ளெயின் பண்ணியது உமாதான்.

அவள் வீடு இரண்டாம் மாடி. ஞாயிற்றுக்கிழமையானால் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த பையன்கள் நாலைந்து பேர் அந்தப் பெஞ்சில் வந்து உட்காருவார்கள். இலை மறைப்பில் முகம் தெரியாது, குரல் மட்டும் வரும். அதுவும் எப்பேர்ப்பட்ட குரல்! போனில் ஒருவன் கத்துகிற கத்தலில் அவள் சமையலறை ஜன்னலே அதிரும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். ஒருநாள் லிஃப்டில் பக்கத்து வீட்டுச் சீனப் பெண்மணி சிரித்துக்கொண்டே, "உங்க ஆளுங்க சண்டே ரொம்ப ஹேப்பி லா!" என்றாள். அந்த "உங்க ஆளுங்க"தான் சுருக்கென்று தைத்தது. இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே வேலைக்குப் போனவள் நான். அவர்கள் எனக்கு என்ன ஆளுங்க? அன்று சாயங்காலமே எழுதி அனுப்பினாள். மூன்றே வாரத்தில் பெஞ்சு போய், கால் ஊன்றியிருந்த இடத்தில் சிமென்ட் பூசியிருந்தார்கள்.

அதைச் செல்லக்கண்ணுவிடம் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. "எழுதிடலாம்ண்ணே" என்றாள். எழுதவும் செய்தாள், உருகி உருகி. நாற்பத்தோரு கையெழுத்தும் வாங்கினாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்கு இருவரும் போனார்கள். உறுப்பினரைப் பார்க்குமுன் தொண்டூழியர்கள் விவரம் குறித்துக்கொள்வார்கள். இவர்களுக்கு வாய்த்தவள் ரக்ஷனா, பல்கலைக்கழக மாணவி. உமாவின் போன் நம்பரைக் கணினியில் தட்டினாள். திரையைப் பார்த்தாள். நெற்றியைச் சுருக்கினாள்.

"ஆண்ட்டி, திஸ் பெஞ்ச்..." என்று தொடங்கியவள், செல்லக்கண்ணு காதருகே கையைக் குவிப்பதைக் கண்டு, பாவம், மரியாதைக்காகத் தமிழுக்கு மாறினாள். பள்ளிக்கூடத்தில் படித்த சுத்தத் தமிழ். அவருக்குக் கேட்க வேண்டுமே என்று குரலையும் உயர்த்தினாள்.

"அந்த இருக்கையை அகற்றச் சொன்னவரே நீங்கள்தானே, ஆண்ட்டி? மார்ச் பன்னிரண்டாம் தேதி!"

செய்தி வாசித்தது போலத் தெளிவாகக் கேட்டது. வரிசையில் நின்றிருந்த ஐந்தாம் மாடி ஒலி முகம்மது திரும்பிப் பார்த்தார். நாற்பத்தோரு கையெழுத்தில் அவருடையதும் ஒன்று. உமாவுக்குக் காது மடல் வரை கொதித்தது. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

செல்லக்கண்ணு சிரித்தார். "கம்ப்யூட்டர் தப்பா காட்டுது பாப்பா. இவங்க அப்படிப்பட்டவங்க இல்ல."

தலையாட்டியிருந்தால் தப்பித்திருப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல முடியவில்லை.

"தப்பு இல்லண்ணே. நான்தான் எழுதினேன். ஞாயித்துக்கிழமை அந்தப் பசங்க போன்ல கத்துறது தாங்க முடியல."

அவர் சிரிப்பு மெல்ல இறங்கியது.

"அந்தப் பசங்க வாயே திறக்க மாட்டானுங்களே தங்கச்சி. மருதப்பன்னு ஒரு பையன், அவன்தான் மெல்பர்ன்ல இருக்கிற என் மகளுக்கு வீடியோ கால் போட்டுக் குடுப்பான். எனக்குக் காது மந்தம். கத்திப் பேசுறது நான்."

அடுத்து அவர் செய்ததுதான் உமாவைக் கொன்றது. அந்த மனிதர் கை கூப்பினார்.

"மன்னிச்சிடுங்க. இவ்ளோ தொந்தரவா இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா குறைச்சிருப்பேனே." பிறகு ரக்ஷனாவிடம், "பெஞ்சு வேணாம்மா, விட்டுரு" என்றார்.

"ஐயோ அண்ணே, கைய இறக்குங்க!" உமா பதறி அவர் கைகளைப் பிடித்துக்கொண்டாள். "நான்தான் உங்க கால்ல விழணும். பாப்பா, முதல்ல என் கம்ப்ளெயினைத் தப்புன்னு எழுது. என் பேரு போட்டே எழுது."

இரண்டு மாதத்தில் புதுப் பெஞ்சு வந்தது. உமாவின் பெருமைப் பேச்சு புளோக்கில் அத்தோடு முடிந்தது. அதைப் பற்றி அவளுக்கு வருத்தமில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை ஜன்னலைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள். கீழே சத்தமே இல்லை. யாரும் வரவில்லையோ என்று இறங்கிப் போய்ப் பார்த்தாள். செல்லக்கண்ணு உட்கார்ந்திருந்தார். மருதப்பன் போனைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"அப்பா, ஒண்ணும் கேக்கல, சத்தமா பேசுங்க!" என்று போனில் மகள் கெஞ்சிக்கொண்டிருந்தாள். அவரோ வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, இரண்டாம் மாடி ஜன்னலை அண்ணாந்து பார்த்துப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.