மற்றும்

“காலஞ்சென்றவர்களான சிவக்கொழுந்து, மார்க்கண்டு… அடிச்சிட்டியோ? இனி ‘மற்றும்’ போடு. அதுக்குப் பிறகுதான் நான்.”

அண்ணனின் தலைமாட்டில் எரிந்த விளக்கைத் தூண்டிவிட்டு வந்து கதிரையில் சாய்ந்தார் தம்பிராசா. மடிக்கணினியில் அடித்துக்கொண்டிருந்த சுலோஜனாவுக்குக் குஞ்சியப்பா; அப்பாவின் கடைசித் தம்பி. மடத்துவெளியில் யார் செத்தாலும் மரண அறிவித்தலைச் சொல்லிக் கொடுப்பவர் அவர்தான். யாரை முன்னுக்குப் போடுவது, யாரைப் பின்னுக்குத் தள்ளுவது, யாரை அடியோடு விட்டுவிடுவது எல்லாம் அவர் வாயில்தான் இருந்தது.

“‘மற்றும்’ போடாட்டி என்ன, குஞ்சியப்பா?”

“போடாட்டி நானும் அவையளோடை போய்ச் சேர்ந்திடுவன்!” சிரித்துவிட்டார். செத்தவீடு என்பது நினைவுக்கு வரவும் அந்தச் சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார்.

“மருமகன்ர பேர்?”

“உன்ர பேர் போட்டிருக்குத்தானே, அது காணும். அவன்ர பேரை லண்டன், கனடா எல்லாம் வாசிக்க வேணுமோ?”

அந்த ‘அவன்’ முற்றத்தில் வெயிலுக்குத் தறப்பாள் கட்டிக்கொண்டிருந்தான். மரியநாயகம், ஊர்காவற்றுறைக் கத்தோலிக்கன், சுலோஜனாவின் கணவன். கயிற்றை இழுத்த அவன் கை ஒரு கணம் நின்று, பிறகு முடிச்சைப் போட்டது.

மூன்று வருடங்களுக்கு முன் அம்மா செத்தபோதும் இதே கதிரைதான், இதே குரல்தான். அந்த அறிவித்தலில் இரஞ்சிதம் என்பவளுக்குக் கணவன் இருந்தார், மைத்துனர்மார் இருந்தார்கள், கூடப்பிறந்தவர்களின் பிள்ளைகளான பெறாமக்கள்கூட ஏழு பேர் இருந்தார்கள். பெற்ற ஒரே மகள் இல்லை. பிள்ளை இல்லாதவளாகவே எரிந்தாள். சுலோஜனா போய்க் கேட்டபோது, “ரைப்பிங் பிழை, பிள்ளை. எரிச்ச பிறகு திருத்தி என்ன?” என்றார் தம்பிராசா. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போட்டுக்கொண்டார். வாய் திறக்கவில்லை.

அந்த வாய் திறந்தது போன கிழமைதான். சுலோஜனா கதை எழுதுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கதையையே விளையாட்டாகவும் நடத்துவாள். ஒஸ்லோவிலும் ரொறன்ரோவிலும் இருக்கிற சிநேகிதிகள் இணையத்தில் கூடி, ஒரே வரைபடத்தைப் பார்த்து, இருபது முகத் தாயக்கட்டையை உருட்டிப் பூதங்களோடு சண்டை பிடிப்பார்கள். எல்லாம் ஒரு கீறல் விழுந்த கைத்தொலைபேசியில். அப்பா அதை எட்டிப் பார்த்துவிட்டு, “வெளிக்கிடு, ரவுணுக்குப் போவம்” என்றார்.

யாழ்ப்பாணத்துக் கடைக்காரர் சிவப்பும் நீலமுமாய் மினுங்கிய ஒரு மடிக்கணினியைத் தூக்கி வைத்தார்.

“கேம் எண்டா இதுதான் ஐயா.”

“இதென்ன தம்பி, தேர்ச் சோடினையோ? பிள்ளை தாயம் எறியிறதுக்கு இவ்வளவு விசிறி என்னத்துக்கு? பாரமும் அம்மிக்கல்லு மாதிரி.”

வெலிமடையில் முப்பது வருடம் கடை வைத்திருந்தவர் அப்பா. மூன்றுதரம் எழும்பி வாசல்வரை போனார், மூன்றுதரமும் கூப்பிட வைத்தார். கடைசியில் ஒரு மெல்லிய சாம்பல்நிறக் கணினி வந்தது. மின்சாரம் போனாலும் எட்டு மணித்தியாலம் நிற்கும். எழுத்துகள் விரலுக்கு இதமாய் அமுங்கின.

“தமிழ் வருதோ பார். உன்ர பேரை அடி.”

அடித்தாள். அப்பா குனிந்து அந்தப் பெயரை நெடுநேரம் வாசித்தார், நாலெழுத்துப் பெயரை வாசிக்க அவ்வளவு நேரம் தேவையில்லை. பஸ்ஸில் திரும்பும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: “திரையிலை ஒட்டின பிளாஸ்டிக்கை உரிச்சுப்போடாதை. ஏழு நாளுக்குள்ளை திருப்பிக் குடுக்கலாம்.”

இன்று ஆறாவது நாள். விடியற்காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவர் இருந்தபடியே போய்விட்டார்.

“காட்டு.” தம்பிராசா கணினியை வாங்கி, தன் பெயர் வரைக்கும் விரல் வைத்து வாசித்தார். “ஓம், வடிவாய் இருக்கு. இணையத்திலை போட அனுப்பு.” மேளகாரரைப் பார்க்க எழும்பிப் போனார்.

சுலோஜனா, “மரியநாயகத்தின் அன்பு மாமனாரும்” என்று சேர்த்தாள். பிறகு சகோதரர் வரிக்கு வந்து நின்றாள். தாயக்கட்டைப் பக்கத்தைத் திறந்தாள். பத்துக்குக் கீழே விழுந்தால் மனிசன் பிழைத்துப் போகட்டும்.

நாலு விழுந்தது.

அப்பாவைப் பார்த்தாள். தாடையைக் கட்டியிருந்த வெள்ளைத் துணி அந்த வாயை இனி ஒருநாளும் திறக்கவிடாது. பக்கத்தை மூடினாள். ‘மற்றும்’ என்ற நாலெழுத்தை அழித்தாள், அனுப்பினாள்.

அரை மணித்தியாலம் போகவில்லை, தம்பிராசாவின் தொலைபேசி அலறியது. சூரிச்சிலிருந்து மகள் வினோஜா.

“ஆரடி செத்தது? நான்தான் கதைக்கிறன்! நான்தானடி!”

அடுத்தது லண்டன். அவர்கள் நம்பவில்லை போலிருந்தது. “வேறை ஆரிட்டைக் குடுக்கிறது? நான் உயிரோடை நிக்கிறன் ஐயா!” பறையொலியையும் மீறிக் கேட்டது. முற்றத்துச் சனம் தலையைக் குனிந்துகொண்டது. மரியநாயகத்துக்கு ஏற்கனவே இறுகியிருந்த முடிச்சில் திடீரென்று வேலை வந்தது.

தம்பிராசா மூச்சிரைக்க உள்ளே வந்தார்.

“என்னடி செய்து வைச்சிருக்கிறாய்? திருத்தடி!”

“ரைப்பிங் பிழை, குஞ்சியப்பா. எரிச்ச பிறகு பாப்பம்.”

அவர் வாய் திறந்தது. அண்ணனின் முகத்தைப் பார்த்தார். தொலைபேசி மறுபடி அடித்தது, எடுக்கவில்லை.

சுலோஜனா மடிக்கணினியை மடியில் இழுத்துக்கொண்டாள். திரையின் மூலையில் நகத்தை வைத்து, அந்த மெல்லிய பிளாஸ்டிக்கை மெதுவாக உரிக்கத் தொடங்கினாள்.