பினாயில் ஊற்றிய குவியல்

விஜயநகர் பூங்காவின் மூலையில் பழனாத்தாள் போட்டு வைத்திருந்த இலைக்குவியல் முதன்முறையாக நாறியது. ஹனூரிலிருந்து அவள் அங்கே தோட்ட வேலைக்கு வந்து ஆறு வருஷம். இத்தனை நாளும் அதில் மழை நனைத்த மண்ணின் வாசம்தான். குடியிருப்போர் சங்கச் செயலாளர் உதயகுமாரோ, திங்கட்கிழமை டிராக்டர் வந்து மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போய்விடும் என்றார்.

அவள் மண்வெட்டியால் கிளறினாள். பினாயில் நெடி குப்பென்று அடித்தது. காவலாளியிடம் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. பூங்காவுக்கு விருந்தினர் வருகிறார்கள் என்று செயலாளரே இரண்டு கேன் பினாயில் ஊற்றச் சொல்லி, குழாயைத் திறந்து கழுவியும் விடச் சொல்லியிருக்கிறார். கழிப்பறையைச் சுத்தம் செய்கிற அதே முறை.

குவியல் கழுவுகிற பொருளல்ல. அதன் ஒரு பிடியில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. பூஞ்சைகள் இலையின் முரட்டு நாரை உடைக்கும், பாக்டீரியாக்கள் மீதியைத் தின்னும். இலைக்குள் பூட்டிக் கிடந்த தழைச்சத்து அப்போதுதான் வேர் உறிஞ்சக்கூடிய உப்பாக மாறி மரத்துக்கே திரும்பும். அவை தின்னும்போது குவியல் சூடாகும். பினாயில் அவற்றில் பெரும்பாலானவற்றைக் கொன்றது, தண்ணீர் காற்றை அடைத்தது. காற்றே வேண்டாத வேறு வகை உயிர்கள் உள்ளே பெருகின. நாற்றம் அவற்றின் வேலை.

பழனாத்தாள் நனைந்த மேலடுக்கை வழித்து எறிந்தாள். மீதியைப் புரட்டிக் காற்றாட விட்டு, காய்ந்த சருகும் புங்கமரத்தடி மண்ணும் இரண்டு வாளிச் சாணமும் கலந்தாள். வீண் வேலை என்று உதயகுமார் இரண்டு முறை வந்து சொன்னார். அவள் நிமிரவே இல்லை. ஆறாம் நாள் காலை குவியலிலிருந்து ஆவி எழுந்தது.

மறுநாள் டிராக்டர் வந்தது. அவள் அதன் முன்னால் போய் நின்றாள்.

"ஆயிதும்மா, முடிஞ்சது, டிராக்டருக்குப் பேசியாச்சு. நகரு," என்றார் உதயகுமார், கன்னடம் கலந்து.

"கைய உள்ள வுட்டுப் பாருங்க சார். அப்பறம் நகர்றேன்."

"பாம்பு இருக்கும், பாத்து," என்றார் டிரைவர். சுற்றி நின்ற நடைப்பயிற்சிக்காரர்கள் சிரித்தார்கள். இத்தனை பேர் பார்க்கும்போது பின்வாங்க முடியாமல் உதயகுமார் முழங்கை வரை கையை விட்டு, வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"சுடுது."

"சுடுமுங்க. உள்ள இருக்கறதுக திங்குதுங்க. நீங்க சாகடிச்சீங்க, நான் மறுபடி கொண்டாந்திருக்கறேன்."

அவர் கையை முகர்ந்து பார்த்தார். மண்வாசம் மட்டுமே இருந்தது. ஒரு மாதம் பார்க்கலாம் என்று முணுமுணுத்தார்.

"மாசக் கணக்கெல்லாம் வேண்டாமுங்க. இது இங்கயேதான் இருக்கும். பினாயில் கேனு மட்டும் இந்தப் பக்கம் வரப்படாது."

பதிலுக்குக் காத்திராமல் அடுத்த பக்கத்தைப் புரட்டத் தொடங்கினாள். டிரைவர் உதயகுமாரின் முகத்தைப் பார்த்தார், பிறகு வண்டியைப் பின்னால் எடுத்தார்.