வலது பக்க வால்வு

அவன் தப்பு செய்திருக்க வேண்டும், ஒன்றே ஒன்று போதும், ஒரு நட்டைச் சரியாக முடுக்காமல் விட்டிருந்தாலும் போதும்... என்று நினைத்துக்கொண்டே மேவிஸ் மோட்டார் சைக்கிள் எஞ்சினின் தலையிலிருந்த ராக்கர் பெட்டியின் முதல் மூடியைத் திருகினாள், திருகும்போதே சீ, இதென்ன புத்தி, இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவள் புருஷன் தப்பு செய்ய வேண்டுமென்று வேண்டிக்கொள்கிறாளே. கராஜ் குளிர் எலும்பைப் பிடித்தது, என்ன செய்ய, எஞ்சின் ஆறிக் கிடக்கும்போதுதான் வால்வு இடைவெளி பார்க்க முடியும், அதோடு க்ளைவ் முடி வெட்டிக்கொள்ளப் போயிருக்கும்போதுதான் அவன் வேலையைத் திருட்டுத்தனமாகச் சோதிக்கவும் முடியும். நாளை ஞாயிறு, கிளப்காரர்கள் எல்லாரும் பழைய வண்டிகளை எடுத்துக்கொண்டு க்ளீ மலைக்குப் போகிறார்கள், வருஷா வருஷம் முதல் வண்டி க்ளைவுடையது, இந்த வருஷமும் தான்தான் என்று வாரம் பூராவும் இதைக் கட்டிக்கொண்டே கிடந்தான். வெண்ணெயைக் கோட்டு அலமாரியில் வைக்கிறவன், செத்துப்போன நாய்க்குச் சாப்பாடு போட்டாயா என்று கேட்கிறவன், இந்த அறுநூற்றைம்பது சிசி வண்டியை மலை வளைவுகளில் ஓட்டப் போகிறானாம். லீட்ஸிலிருந்து மகள் ஜேனட் நேற்றும் போன் செய்தாள், "அம்மா, நீ அப்பாகிட்ட சொல்றியா, இல்ல நானே வந்து சொல்லட்டுமா?" சொல்லிவிடலாம், வாயைத் திறந்தால் போயிற்று, ஆனால் நீ இனிமேல் வண்டி ஓட்டாதே என்று க்ளைவிடம் எந்த வாயால் சொல்வது? எஞ்சினே சொல்லிவிட்டால் தேவலை... பார், நீ முடுக்கினது தப்பு, இந்த நிலையில் உன்னை எப்படி ரோட்டில் விடுவது என்று காரியத்தை எஞ்சின் தலையில் போட்டுவிடலாம்.

கியரை டாப்பில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் உருட்டினாள், பிளக்குகளைக் கழற்றியிருந்ததால் எஞ்சின் பெருமூச்சு விட்டுக்கொண்டே சுற்றியது. ஒரு பக்கத்து வால்வு முழுக்கத் திறந்து நிற்கும்போது மறுபக்கத்து ஜோடியின் இடைவெளியைப் பார், இதுதான் முறை, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள், பர்மிங்ஹாம் தொழிற்சாலையில் வால்வைத் தள்ளித் திறக்கிற கேமைப் பரிசோதிக்கும் மேசையில் வாலிபத்தைக் கழித்தவளுக்கு யார் சொல்லித்தர வேண்டும். காற்று உள்ளே போகும் இரண்டு இன்லெட் வால்விலும் இடைவெளி அளக்கிற ஃபீலர் தகடு வெண்ணெயில் கத்தி போல இல்லாமல், சண்டையும் போடாமல், லேசாக இழுத்துக்கொண்டு நுழைந்தது, எப்படி இழுக்க வேண்டுமோ அப்படி. புகை வெளியேறும் இடது எக்ஸாஸ்ட் வால்வும் அதே மாதிரி. பாவி மனுஷா, உப்பு எது சர்க்கரை எது என்று தெரியாமல் டீ போடுகிறாய், இதை மட்டும் எப்படி... அந்தக் காலத்தில் அவன் டெஸ்ட் ரைடர், வண்டி வெளியே போகும்முன் ஓட்டிப் பார்க்கிறவன், மேசைப் பக்கமாக வந்து நின்று, "என் உயிரு உன் கையில இருக்கு, கண்ணு, பாத்துப் பண்ணு" என்பான், மற்ற பெண்கள் சிரிப்பார்கள், அவளுக்குக் காது சிவக்கும், இப்போது யார் உயிர் யார் கையில்? முதுகு வலித்தது. ராத்திரி இரண்டு தரம் எழுந்து வாசல் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்தாயிற்று, பார்க்கிற வேலையும் அவள் தலையில்தான். சரி, இடைவெளி ஒழுங்காயிருந்தால் கேமாவது தேய்ந்திருக்கட்டும். வால்வின் லிஃப்ட்டை, அதாவது அது எவ்வளவு இறங்குகிறது என்பதை அளக்கிற டயல் கேஜை ஸ்டாண்டில் மாட்டி, முள்ளை வலது எக்ஸாஸ்ட் வால்வின் தலையில் உட்காரவைத்துச் சக்கரத்தை மெல்ல உருட்டினாள், வால்வு இறங்க இறங்க முள் ஓடி ஓடி, நின்றது. இடது பக்கத்தைவிடக் குறைவுதான், கேமின் மூக்கு கொஞ்சம் மழுங்கியிருக்கிறது, ஆனால் தலைமுடிக் கனம், இதைச் சொல்லி யாரை நிறுத்துவது, இதைவிட மழுங்கினதை வைத்துக்கொண்டு ஸ்காட்லாந்து போய்வந்தவர்கள் இருக்கிறார்கள். அவளுக்கு அழுகை வந்தது. நல்ல எஞ்சினைப் பார்த்து எந்தப் பைத்தியக்காரியாவது அழுவாளா? சொல்லத்தான் வேண்டும் போலிருக்கிறது, இன்றைக்கே, சாப்பிடும்போது... அவன் கத்துவான், தட்டைத் தள்ளுவான், நான் ஓட்டின மைல்களை நீ எண்ணிக்கூட முடிக்க மாட்டாய் என்பான், கத்தட்டும், கத்துவதற்கு இவளும் தயார்தான், சொல்லச் சொன்ன ஜேனட்டே அவன் கத்தினால் அப்பா பக்கம் சேர்ந்துகொள்வாளோ, சேர்ந்தாலும் சேர்வாள், அப்பா செல்லம். டயல் கேஜைக் கழற்றி வைத்துவிட்டு, மிச்சமிருந்த அந்த ஒரு இடைவெளியையும் பார்த்துவிடலாமென்று தகட்டை நுழைத்தாள். நுழையவில்லை. அதைவிட மெல்லிய தகடு, அதுவும் இல்லை. துளி இடைவெளி கிடையாது, கெட்டியாகக் கடித்துக்கொண்டிருக்கிறது, சூடேறினால் வால்வு மூடாது, கருகிப்போகும், நடு மலையில் நிற்பான். மாட்டிக்கொண்டாயா, க்ளைவ்! நெஞ்சுக்குள் ஏதோ துள்ளியது, பண்டிகைக்குச் சம்பளம் வந்த மாதிரி, அப்படிச் சந்தோஷப்பட்டு எத்தனை நாளாயிற்று.

"என்ன பண்ற?" வாசலில் அவன் நின்றான், கழுத்துப் பின்னால் வெட்டின முடி ஒட்டியிருக்க, கையில் பன்றிக்கறி அடைத்துச் சுட்ட அப்பம் இருந்த காகிதப் பொட்டலம். அவளுக்குத் திருட்டு முழி வந்திருக்க வேண்டும், ஆனாலும் பின்வாங்கவில்லை. "உன் வேலையத்தான் பாத்தேன். வலது எக்ஸாஸ்ட்ல கேப்பே இல்ல, க்ளைவ். இத வச்சுக்கிட்டா நாளைக்குக் கிளம்பப் பாத்த?" குரலை எவ்வளவு மென்மையாக வைத்துக்கொண்டாள், ஆஸ்பத்திரியில் நர்ஸ்கள் பேசுவார்களே, அப்படி. அவன் பொட்டலத்தை சீட்டின் மேல் வைத்தான், குனிந்து பார்த்தான், அவளைப் பார்த்தான். "லிஃப்ட் பாத்தியா?" "பாத்தேன்." "பாத்துட்டு சக்கரத்த உருட்டுனியா?" உருட்டினாளா? டயலைக் கழற்றினாள், ஜேனட்டை நினைத்தாள், தட்டை நினைத்தாள்... உருட்டவில்லை. வால்வு திறந்தபடியே நிற்கிறது, திறந்து கிடக்கிற வால்வில் இடைவெளி எங்கே இருக்கும், மேசைக்கு வந்த முதல் நாள் பெண்கூட இந்தத் தப்பைச் செய்ய மாட்டாளே. அவன் சக்கரத்தை உருட்டி, இடது பக்க வால்வு அடிவரை இறங்குகிறதா என்று பார்த்து, அவள் கையிலிருந்து தகட்டை வாங்கி நுழைத்தான், லேசாக இழுத்துக்கொண்டு போயிற்று. "இந்தப் பக்கம் கொஞ்சம் சத்தம் போடும், போட்டுட்டுப் போகட்டும், சத்தத்த அடக்குறேன்னு இறுக்குனாத்தான் வெனை. ராத்திரி தூங்கலயா, கண்ணு?"

தோற்றுவிட்டாள், எஞ்சினும் அவன் பக்கம், இனி எதைக் காட்டி நிறுத்துவது என்று அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவன் கந்தல் துணியில் விரல்களைத் துடைத்தபடியே சொன்னான், வானிலையைச் சொல்வதுபோல. "நாளைக்கு நீ ஓட்டு. நான் பின்னாடி உக்காந்துக்கறேன்." "என்னது?" "போன வாரம் கிட்டர்மின்ஸ்டர் ரவுண்டானாவுல மூணு சுத்து சுத்துனேன். வீடு எந்தப் பக்கம்னு தெரியல. பின்னாடி ஒரு லாரிக்காரன் வாயில வந்ததெல்லாம் சொன்னான், அப்பவும் தெரியல." சிரிக்கவும் செய்தான். "உனக்குத் தோதா கிளட்ச லூசாக்கி வச்சிருக்கேன்." பொட்டலத்தைப் பிரித்து அப்பத்தை ஆளுக்குப் பாதியாகப் பிட்டு, பெரிய பாதியை அவளிடம் நீட்டினான். வாங்கிக்கொண்டாள். அப்பாடா, முடிந்தது, சொல்லவே வேண்டியிருக்கவில்லை, இதற்குத்தானே இத்தனை பாடு... ஆனால் அந்தத் துள்ளல் இப்போது வரவில்லையே, கறி வாயில் மண்ணாக இருந்தது. பொம்பள ஓட்டி நான் பின்னாடி உக்கார்றதா, மூட்டையா நான், என்று கல்யாணமான புதிதில் மழையில் நாலு மைல் நடந்தே வந்தவன் அல்லவா இவன்? அவனோடு மல்லுக்கட்டத்தானே ராத்திரியெல்லாம் வார்த்தைகளைக் கோத்து வைத்திருந்தாள், தட்டைத் தள்ளுவான், கத்துவான், என்று... தாடையில் துணுக்கு ஒட்டியிருப்பது தெரியாமல் இவன் சாதுவாக மென்றுகொண்டிருக்கிறான். அந்த ஆள் எப்போது போனான்? ஒரே வீட்டில்தான் இருந்தாள், வெண்ணெயைத் தேடி எடுத்தாள், பூட்டைப் பார்த்தாள், அவன் போன நாளை மட்டும் பார்க்கத் தவறிவிட்டாள்.