அக்கா கேட்ட மருந்து

பெரிய அரசு ஆஸ்பத்திரியில் புற்றுநோய்ப் பிரிவின் தலைமை டாக்டராக இருந்தவளுக்கு ஒரே ஒரு தங்கை. வீட்டில் படிப்பு என்றாலே அக்காதான். தங்கைக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை; பொருளாதாரம் படித்துவிட்டு எங்கெங்கோ வேலை பார்த்தாள். நல்லதோ கெட்டதோ, நாலு பேர் கூடுகிற இடத்தில் 'டாக்டரோட தங்கச்சி' என்றுதான் அவளை அறிமுகம் செய்வார்கள். அவளும் சிரித்துக்கொண்டு தலையாட்டுவாள். டாக்டருக்கு அவள்மேல் கொள்ளைப் பிரியம். தனக்கு ஒரு படி கீழே நிற்பவள்மேல் பிரியமாக இருப்பது ஒன்றும் கஷ்டமான காரியமில்லையே.

அதுவரை எந்த மருந்தை வாங்குவது, எந்த மெஷினை வாங்குவது என்பதெல்லாம் பெரிய டாக்டர்கள் அமைச்சகத்துக்குப் போய்ப் பேசி முடிக்கிற விஷயம். யார் குரல் ஓங்குகிறதோ அவர் பிரிவுக்குப் பணம் போகும். டாக்டரின் குரல் எப்போதும் ஓங்கித்தான் இருந்தது. பிறகு அரசாங்கம் மதிப்பீட்டுப் பிரிவு என்று ஒன்றைத் தொடங்கியது. புது மருந்தோ கருவியோ வந்தால், அது எத்தனை பேருக்கு எவ்வளவு நன்மை செய்யும், அதே காசை வேறு எதில் போட்டால் இன்னும் அதிக உயிர் பிழைக்கும் என்று அலசி, வாங்கலாமா வேண்டாமா என்று சொல்கிற இடம். அமைச்சகத்தின் மேல்மாடியில் உடைந்த நாற்காலிகள் கிடந்த அறையை ஒழித்து மேஜை போட்டார்கள். அதற்குத் தலைவியாக வந்து உட்கார்ந்தவள் தங்கை.

டாக்டர் பூங்கொத்தோடு வாழ்த்தப் போனாள். லிஃப்டில் ஓர் அதிகாரி அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்க மேடத்தோட அக்காவா?" என்று கேட்டார்.

ஆமாம் என்று சொன்னாள். அந்த நிமிஷமே பொறாமை பற்றிக்கொண்டது. அதன் பிறகு தொட்டதெல்லாம் குத்தியது. அப்பா வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சின்னவள் பெருமையையே பேசினார். டாக்டரின் கணவர்கூட, உன் தங்கை பேட்டியில் என்ன தெளிவாகப் பேசினாள் பார்த்தாயா என்று கேட்டு, வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அந்தப் பிரிவுக்கு முதலில் போன விண்ணப்பம் டாக்டருடையதுதான். மார்பகப் புற்றுநோய்க்கான விலை உயர்ந்த மருந்து. ஒரு வருஷம் முழுக்க, சில வாரங்களுக்கு ஒரு முறை டிரிப்ஸில் ஏற்ற வேண்டும். தங்கை ஃபோன் செய்து, அக்காவின் விண்ணப்பம் என்பதால் முடிவெடுக்கும் குழுவில் தான் ஓட்டுப் போடப் போவதில்லை, கணக்கை விளக்குவதோடு சரி என்று சொன்னாள். உன்னிடம் யார் சலுகை கேட்டது என்று கேட்டுவிட்டு டாக்டர் வெடுக்கென்று ஃபோனை வைத்தாள்.

வரைவு அறிக்கை கருத்துக் கேட்டு வந்தது. மயிரிழையில்தான் என்றாலும், வாங்கலாம் என்ற பக்கமே அது சாய்ந்திருந்தது. சந்தோஷப்பட வேண்டியவள், அரிசியில் கல் பொறுக்குவதுபோல அதில் தப்புத் தேடினாள். கிடைத்தது. எல்லா நோயாளிகளும் வருஷம் முழுக்க மருந்து போட்டுக்கொள்வதாக எடுத்திருந்தார்கள். அவள் வார்டில் பாதிப் பேர் நடுவிலேயே நின்றுவிடுவார்கள். தூரத்திலிருந்து பஸ் மாறி வருகிறவர்கள், தங்க இடமில்லாதவர்கள். ஃபோனில் ஒரு வார்த்தை சொன்னால் தங்கை திருத்திவிடுவாள். டாக்டர் அதைப் பொதுக்கூட்டத்துக்கென்று பத்திரப்படுத்தினாள்.

கூட்டத்துக்கு நிருபர்கள், நோயாளிகள், மருந்துக் கம்பெனிக்காரர்கள் என்று ஒரே கூட்டம். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு அப்பாவும் முன்வரிசையில் இருந்தார், சின்னவள் பேசுவதைக் கேட்க. அதைப் பார்த்ததும் டாக்டருக்கு இருந்த கொஞ்ச நஞ்சத் தயக்கமும் போயிற்று. எழுந்து நின்றாள்.

"என் வார்டுல பாதிப் பேர் மருந்தை முடிக்கறதே இல்ல. நீங்க எல்லாரும் முடிக்கறதா கணக்குப் போட்டிருக்கீங்க. இதைக்கூட விசாரிக்காம இங்க எதைத்தான் மதிப்பிடறீங்க?"

தங்கையின் முகம் வெளிறியது. அறிக்கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தப்பு எங்களுடையது, வெளிநாட்டு ஆய்வில் இருந்ததை அப்படியே எடுத்துவிட்டோம், உங்கள் வார்டு விவரத்தைக் கொடுங்கள் என்று சொன்னாள். டாக்டருக்கு அன்றைக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

ஆனால் திருத்திய கணக்கு வேறு கதை சொன்னது. நடுவில் நிற்பவர்களுக்கும் செலவு ஆகிறது, பலன் மட்டும் கிடைப்பதில்லை. சாய்ந்திருந்த தராசு மறுபக்கம் கவிழ்ந்துவிட்டது. விலை குறைந்தால் பார்க்கலாம். முதலில் நோயாளிகள் தங்க விடுதியும், வெளியூர் ஆஸ்பத்திரிகளில் மருந்து ஏற்ற வசதியும் செய்யுங்கள் என்று குழு முடிவு சொன்னது. தான் கேட்ட மருந்தைத் தன் வாயாலேயே தட்டிவிட்டிருந்தாள்.

மறுநாள் தங்கை வார்டுக்கே வந்தாள். அக்காவின் அறைக் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள்.

"ஃபோன்ல சொல்லியிருக்கலாமேக்கா."

"சொல்லியிருக்கலாம்."

"ஏன் சொல்லலன்னு எனக்குத் தெரியும். இத்தனை வருஷம் எனக்கும் அப்படித்தான் எரிஞ்சுது. நான் சிரிச்சே சமாளிச்சேன், அவ்வளவுதான்."

டாக்டர் அதை எதிர்பார்க்கவில்லை. அந்தச் சிரிப்பைப் பாசம் என்றே நினைத்திருந்தாள். காப்பி குடிக்கிறாயா என்று கேட்டாள். தங்கை சரி என்றாள்.

விடுதி கட்டி முடிந்தது. கம்பெனி முறுக்கிக்கொண்டு பார்த்துவிட்டுக் கடைசியில் இறங்கி வந்தது. பாதி விலைக்கு மருந்து வந்து சேர்ந்தது. வருகிறவர்கள் இப்போது பெரும்பாலும் முழுதாக முடித்துக்கொண்டு போனார்கள். தங்கை கேட்டுக்கொண்டதால் டாக்டர் மதிப்பீட்டுப் பிரிவுக்கு ஆலோசகரானாள். அங்கே மற்ற டாக்டர்களின் விண்ணப்பங்களைத் துருவித் துருவிக் கேள்வி கேட்பதில் நல்ல பெயரும் எடுத்தாள்.

பத்திரிகையில் இந்த வெற்றியைப் பற்றிப் பெரிதாக எழுதியிருந்தார்கள். படம் தங்கையுடையது. டாக்டர் கடைசி வரி வரை படித்தாள். படத்தில் தங்கை கொஞ்சம் குண்டாகத் தெரிந்ததில் அவளுக்கு ஓர் அற்பத் திருப்தி. பிறகு ஃபோனை எடுத்து, படம் நன்றாக வந்திருக்கிறது என்று சொன்னாள்.